டெர்மினல் கீபோர்டின் ‘டக் டக்’: நினைவு பாதி, நிஜம் பாதி

புதிய கம்ப்யூட்டர் வாங்கும்போது பிராசசர் என்ன, ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று பத்துக் கடை ஏறி இறங்கி விசாரிக்கிறோம். கீபோர்டு மட்டும் கடைக்காரர் எதைக் கொடுக்கிறாரோ அதுதான். ஆனால் நாள் முழுதும் நம் விரல் படுவது அதன் மீதுதான்.

1980களிலும் 90களிலும் அலுவலகங்களில் டெர்மினல் முன் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களிடம் பேசிப் பாருங்கள். “அந்தக் கீபோர்டு மாதிரி இப்ப எதுவும் வர்றதில்லை” என்பார்கள். இது உண்மையா? அல்லது பழசு எல்லாமே இனிப்பாகத் தெரியும் கதையா? இந்தக் கேள்வி எனக்கு வெறும் பேச்சாக இல்லாமல், ஒரு மாணவி எந்தக் கீபோர்டு வாங்குவது என்ற பணப் பிரச்சினையாகவே வந்தது. அதற்காகச் செய்து பார்த்த சோதனைகளை நீங்களும் வீட்டில் செய்யலாம். செலவு எதுவும் கிடையாது. கையில் கொஞ்சம் ஐந்து ரூபாய் நாணயம் இருந்தால் போதும்.

டெர்மினல் என்றால் என்ன?

இன்றைய கம்ப்யூட்டர் தானே யோசிக்கும். டெர்மினல் யோசிக்காது. ஒரு திரை, ஒரு கீபோர்டு, பின்னால் ஒரு கேபிள், அவ்வளவுதான். நாம் அடிப்பதைக் கேபிள் வழியாக வேறு அறையில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அங்கிருந்து வருவதைத் திரையில் காட்டும். அதனால்தான் ‘டம்ப் டெர்மினல்’ என்றார்கள்.

நம் நாட்டில் பொதுமக்கள் அதிகம் பார்த்தது ரயில்வே முன்பதிவு கவுன்ட்டர்களில்தான். 1985-ல் புதுடில்லியில் தொடங்கிய கம்ப்யூட்டர் முன்பதிவு, டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷனின் (சுருக்கமாக டெக்) வாக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஓடியது. பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் மையங்களும் சேர்ந்தன. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நாம் வரிசையில் நிற்போம். அந்தப் பக்கம் கீபோர்டு ஓசையும் பிரிண்டர் ஓசையும் கேட்கும். டிக்கெட் கையில் வரும்.

அந்த ஓசை எங்கிருந்து வந்தது?

இங்கேதான் முதல் ஆச்சரியம். உலகம் முழுதும் புகழ்பெற்ற டெர்மினல், டெக் நிறுவனம் 1978-ல் வெளியிட்ட விடி100. அதில் கீயை அழுத்தினால் ‘டிக்’ என்று கேட்கும். ஆனால் அந்த ஓசை கீயிலிருந்து வரவில்லை. கீபோர்டுக்குள் ஒரு சிறிய ஸ்பீக்கர் இருந்தது. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அதுதான் ஒலித்தது. வேண்டாம் என்றால் செட்-அப் பகுதிக்குப் போய் நிறுத்திவிடலாம்.

1983-ல் வந்த விடி220 டெர்மினலின் எல்கே201 கீபோர்டிலும் இதே ஏற்பாடுதான். ஓசையைக் கூட்டலாம், குறைக்கலாம். இன்று நம் கீபோர்டில் தலைகீழ் ‘டி’ வடிவில் நான்கு அம்புக்குறி கீ இருக்கிறதே, அந்த அமைப்பைப் பரவலாக்கியது இந்த எல்கே201தான். ஆனால் கீயின் தொடு உணர்வு? உள்ளே இருந்தது மெம்ப்ரேன்தான், கிளிக் சுவிட்ச் அல்ல.

ஐபிஎம் இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் 3270 வரிசை டெர்மினல்களின் சில கீபோர்டுகளில் சாலினாய்டு என்ற மின்காந்த சுத்தியலை வைத்தது. கீயை அழுத்தினால் அது பெட்டியின் உள்ளே தட்டி ‘டக்’ என்று ஓசை எழுப்பும். மின் தட்டச்சு மெஷினில் பழகியவர்களுக்கு, எழுத்து பதிந்துவிட்டது என்ற நம்பிக்கை வரவேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

ஆக, ‘அந்தக் காலத்து டக் டக்’ என்று நாம் ஏங்குவதில் ஒரு பகுதி, அந்தக் காலத்திலேயே சேர்க்கப்பட்ட செயற்கை ஓசை.

நிஜமாகவே தட்டியவை

எல்லாமே செயற்கை என்று சொல்லிவிடவும் முடியாது. 1985-ல் ஐபிஎம் கொண்டு வந்த மாடல் எம் கீபோர்டில் ஒவ்வொரு கீயின் கீழும் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அழுத்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஸ்பிரிங் பக்கவாட்டில் சட்டென்று மடங்கும். அந்த நொடியிலேயே ‘டக்’ என்று ஓசை வரும். அதே நொடியில் எழுத்தும் பதியும். விரல், காது, திரை மூன்றுக்கும் ஒரே நேரத்தில் செய்தி போகிறது. இதைப் புகழ்பவர்கள் வெறும் ஏக்கத்தில் புகழவில்லை.

நம் ஊரில் இதற்குச் சமமான பெயர், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸின் ‘கோல்டு’ கீபோர்டு. டிடிபி கடைகள், பில்லிங் கவுன்ட்டர்கள், அலுவலகங்கள் என்று தமிழ்நாடு முழுதும் பல ஆண்டுகள் இதுதான் தட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் ப்ளூ சுவிட்ச். மொத்தம் 4 மி.மீ. கீழே இறங்கும் கீயில், சுமார் 2.2 மி.மீ. இறங்கியதுமே எழுத்து பதிந்துவிடும். அதை ஒட்டி ஒரு சிறு தடங்கலும் ‘கிளிக்’கும் வரும். அடிமட்டம் வரை அழுத்த வேண்டியதில்லை.

சாதாரண கீபோர்டில் ஒவ்வொரு கீயின் கீழும் ஒரு ரப்பர் குமிழ். அது நசுங்கி, அடியில் உள்ள பிளாஸ்டிக் தாள்களை ஒன்றோடொன்று தொடவைக்கும். எழுத்து பதிவது கிட்டத்தட்ட அடிமட்டத்தில்தான்.

பழவேற்காட்டில் வந்த கேள்வி

சென்னைக்கு வடக்கே, வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கும் மீனவக் குப்பங்களின் பிள்ளைகளுக்கு நான் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறேன். அவர்களில் ஒரு மாணவி வீட்டிலேயே ஆன்லைன் விண்ணப்பம், மனு, பயோடேட்டா அடித்துக் கொடுக்கும் வேலை தொடங்க முடிவு செய்தார். கையில் இருந்தது சேமிப்புப் பணம். ஏரியில் மீன் குறையும் மாதங்களில் வீட்டுக்கு அதுவே ஆதாரம். அதில் ஒரு கீபோர்டும் வாங்க வேண்டும்.

அவருடைய சித்தப்பா சென்னையில் ஒரு அலுவலகத்தில் பல ஆண்டுகள் டெர்மினலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “பாப்பா, வாங்கினா டக் டக்குன்னு அடிக்கிறதுதான் வாங்கணும். மத்ததெல்லாம் சேத்துல விரல் விடுற மாதிரி” என்று உறுதியாகச் சொன்னார். அந்த வகை கீபோர்டு, சாதாரண கீபோர்டைவிடப் பல மடங்கு விலை. “சார், சித்தப்பா சொல்றது சரியா?” என்று மாணவி என்னிடம் கேட்டார். வாயால் பதில் சொல்வதைவிடச் சோதித்துப் பார்ப்பது நல்லது என்று மூவரும் உட்கார்ந்தோம்.

சோதனை 1: நாணயச் சோதனை

கீயை அழுத்த எவ்வளவு எடை தேவை என்று பார்ப்போம்.

1. மஞ்சள் நிற ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று சுமார் 6 கிராம். பன்னிரண்டு நாணயம் எடுத்துக்கொள்ளுங்கள்.
2. நாணயம் கீயைவிட அகலம். பக்கத்து கீயில் இடிக்கும். அதனால் நடு வரிசையில் ஒரு கீயின் மேல் சிறு ரப்பர் துண்டை நிறுத்தி, அதன் மேல் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள்.
3. நோட்பேடைத் திறந்து வையுங்கள். எத்தனையாவது நாணயத்தில் கீ இறங்கி எழுத்து விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எம்எக்ஸ் ப்ளூ சுவிட்சுக்குச் சுமார் 60 கிராம் தேவை, அதாவது பத்து நாணயம். மாடல் எம் அதைவிடச் சற்றுக் கடினம். சாதாரண ரப்பர் கீபோர்டுகள் பெரும்பாலும் 50 முதல் 65 கிராமுக்குள் வந்துவிடும். ‘பழைய கீபோர்டு லேசு, புதுசு கடினம்’ என்பதோ, அதற்கு நேர்மாறானதோ, எடை என்ற அளவில் நிற்பதில்லை. வித்தியாசம் எடையில் இல்லை.

சோதனை 2: மெதுவாக அழுத்தும் சோதனை

நோட்பேடைப் பார்த்துக்கொண்டே ஒரு கீயை மிக மிக மெதுவாக அழுத்துங்கள். எழுத்து எங்கே விழுகிறது? கிளிக் சுவிட்சில் பாதி வழியில் விழும். அதற்குப் பிறகும் கீழே இடம் இருக்கும். ரப்பரில் குமிழ் நசுங்கிய பிறகுதான் விழும். வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. இது அளக்கக்கூடிய நிஜம்.

விரல் இதை உணருமா என்று சந்தேகப்பட வேண்டாம். பழவேற்காடு பக்கம் ஆழமில்லாத கலங்கல் தண்ணீரில் கையால் தடவியே இறால் பிடிக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாததை விரல் நுனி சொல்லிவிடும்.

ஆனால் ஒரு நிபந்தனை. பாதி வழியில் நிறுத்தப் பழகிய விரலுக்குத்தான் இதனால் லாபம். ரெமிங்டன், ஹால்டா, கோத்ரெஜ் தட்டச்சு மெஷின்களில் பழகியவர்கள் கீயை அடிமட்டம் வரை குத்துவார்கள். அங்கே விரலின் வேகத்தில்தான் எழுத்துக் கம்பி பறந்து போய்க் காகிதத்தில் அடிக்கும். கோத்ரெஜ் 2009-ல் தட்டச்சு மெஷின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனால் இன்ஸ்டிடியூட்டில் பழகிய கை அதற்குப் பிறகும் குத்திக்கொண்டுதான் இருக்கிறது. அப்படிக் குத்தினால் எந்தக் கீபோர்டிலும் சாயங்காலம் விரல் வலிக்கும்.

சோதனை 3: காதை மூடும் சோதனை

1. காதில் பஞ்சு வைத்து, அதன் மேல் ஹெட்போன் மாட்டி, மின்விசிறி இரைச்சல் போன்ற ஒலியை ஓடவிடுங்கள்.
2. கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள்.
3. வேறொருவர் கீபோர்டுகளை மாற்றி மாற்றி முன்னால் வைக்கட்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு வரி அடித்து, எது பிடிக்கிறது என்று சொல்லுங்கள்.

சித்தப்பா கிளிக் கீபோர்டைச் சரியாகவே கண்டுபிடித்தார். விரலில் அந்தத் தடங்கல் தெரிகிறதே! ஆனால் ஹெட்போனைக் கழற்றியதும், “இதுதான், ஆனா சுவை இல்லை தம்பி” என்றார். உப்பில்லாத குழம்பு போல இருந்ததாம்.

சோதனை 4: ஓசையை மட்டும் சேர்க்கும் சோதனை

இது தலைகீழ் சோதனை. பக்கிள்ஸ்பிரிங் என்று ஓர் இலவச புரோகிராம் இருக்கிறது. மாடல் எம் கீபோர்டின் ஓசைகளைப் பதிவு செய்து வைத்து, நாம் எந்தக் கீயை அடிக்கிறோமோ அதற்குரிய ஓசையை ஸ்பீக்கரில் தரும். மெக்வைப்ஸ் என்ற புரோகிராமும் இதே வேலையைச் செய்யும். மலிவான ரப்பர் கீபோர்டை இணைத்து, இதை ஓடவிட்டு அடித்துப் பாருங்கள்.

சித்தப்பா நாலு வரி அடித்தார். முகம் மலர்ந்துவிட்டது. “இதான் தம்பி, எங்க ஆபீஸ் கீபோர்டு அப்படியே இதுதான்!” அவர் விரலின் கீழ் இருந்தது கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ரப்பர் கீபோர்டு. ஒருவேளை அவருடைய அலுவலகத்திலும் ஸ்பீக்கர்தான் தட்டியிருக்கலாம் என்று விடி100 கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப ஏசி ரூம், செருப்பை வெளியே விட்டுட்டுப் போவோம். அதெல்லாம் சேர்ந்துதான் போல” என்றார்.

அவர் சொன்னதில் தொழில்நுட்ப உண்மையும் இருக்கிறது.

ஏசி அறையும் உப்புக் காற்றும்

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் அறை என்றால் குளிர்சாதனம், தூசி வராத கதவு, செருப்புக்குத் தடை. அங்கே ஒரு கீபோர்டு நீண்ட காலம் உழைத்ததில் அறைக்கும் பங்கு உண்டு. அதே கீபோர்டைக் கடலோர வீட்டில் ஜன்னல் ஓரம் வைத்தால் கதை வேறு. உப்புக் காற்றும், ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரமும் எல்லா உலோகத்தையும் தின்னும்.

கீபோர்டு வகைகளில் எது தாங்கும்?

ரப்பர் மெம்ப்ரேன்: தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி மூடியிருப்பதால் தூசியை ஓரளவு தாங்கும். ஆனால் ஈரம் உள்ளே புகுந்து அச்சிட்ட மின்பாதையை அரித்துவிட்டால், ஒரு கீ அல்ல, ஒரு தொகுதி கீகள் ஒன்றாகப் போகும். ரிப்பேர் செய்வதைவிடப் புதிது வாங்குவது மலிவு.

செர்ரி வகை சுவிட்ச்: மின்சாரம் தொடும் முனையில் தங்கக் கலவை இருப்பதால் அரிப்பு குறைவு. ஒரு கீ கெட்டால் அதன் சுவிட்சை மட்டும் சால்டரிங் செய்து மாற்றலாம். ஆனால் நீர் தெளித்தால் தாங்காது. மீன் கழுவிய கை பட்டால் இதற்கும் ஆபத்துதான்.

எதுவாக இருந்தாலும் வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் மூடுங்கள். மழைக் காலத்தில் மாற்றுக் கீபோர்டைப் பிளாஸ்டிக் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் கட்டி வையுங்கள். சுத்தம் செய்யத் தண்ணீர் வேண்டாம். கேபிளைக் கழற்றிவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள்.

பழைய டெர்மினல் கீபோர்டையே வாங்கலாமா?

சேகரிப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். தினசரி வேலைக்கு என்றால் யோசியுங்கள்.

முதலில், இணைப்பு. விடி100 கீபோர்டின் முனை பெரிய ஹெட்போன் ஜாக் போல இருக்கும். எல்கே201-ன் முனை டெலிபோன் ஒயர் போல இருக்கும். இரண்டும் இன்றைய கம்ப்யூட்டரில் நேரடியாக வேலை செய்யாது. இடையே தனி கன்வெர்ட்டர் சர்க்யூட் வேண்டும். பிஎஸ்/2 முனை உள்ள மாடல் எம்முக்கும், முனையை மட்டும் மாற்றும் மலிவு யுஎஸ்பி அடாப்டர் போதாது. உள்ளே சிப் இருக்கும் ‘ஆக்டிவ்’ கன்வெர்ட்டர் தேவை.

இரண்டாவது, வயது. ரப்பர் இறுகிவிடும். சில பழைய கீபோர்டுகளின் உள்ளே இருக்கும் பஞ்சு பொடிப்பொடியாக உதிரும். மாடல் எம்மின் உள்ளே தகடுகளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தலைகள் ஒவ்வொன்றாக ஒடியும். இன்று நாம் தொடும் பழைய கீபோர்டு, அன்று அவர்கள் தொட்ட புதிய கீபோர்டு அல்ல. அந்த மடங்கும் ஸ்பிரிங் உணர்வுதான் வேண்டும் என்றால், அமெரிக்காவின் யூனிகாம்ப் நிறுவனம் அதே வகையைப் புதிதாகவே தயாரிக்கிறது. செர்ரியின் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு, 2010களில் இருந்து சீன நிறுவனங்களின் அதே வடிவச் சுவிட்சுகளும் குறைந்த விலையில் வந்துவிட்டன.

தமிழ் அடிப்பவர்களுக்கு ஒரு கணக்கு

தொடு உணர்வைப் பற்றி இவ்வளவு பேசினோம். விரலின் உழைப்பைக் குறைக்கும் வேறு ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதுதான் கீபோர்டு லேஅவுட். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 முறையில், 12 உயிர், 18 மெய், ஆய்தத்துக்கும் புள்ளிக்கும் ஒன்று என 31 கீகள்தான். ‘பழவேற்காடு’ என்று அடிக்க ப, ழ, வ, ஏ, ற, புள்ளி, க, ஆ, ட, உ என்று பத்து கீ. ஒரு முறைகூட ஷிப்ட் தேவையில்லை. சுண்டு விரலால் ஷிப்டை அழுத்திப் பிடிக்கும் வேலையே அதிகம் வலிக்க வைப்பது. இதற்குப் பைசா செலவில்லை. எந்தக் கீபோர்டிலும் இதே லாபம் கிடைக்கும்.

யாருக்கு எது?

தினமும் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து அடிப்பவர் என்றால் மெக்கானிக்கல் கீபோர்டு நல்ல முதலீடு. பாதியில் எழுத்து பதிவதும், ஒற்றை சுவிட்சை மாற்ற முடிவதும் நிஜமான லாபம். அடிமட்டம் வரை குத்தாமல் அடிக்க ஒரு மாதம் பழகுங்கள். ஓசை வேண்டாம் என்றால், கிளிக் இல்லாமல் தடங்கல் மட்டும் தரும் ‘பிரவுன்’ வகை சுவிட்சைக் கேளுங்கள்.

நாளுக்கு நாலு விண்ணப்பம், இரண்டு மனு என்று விட்டு விட்டு அடிப்பவர் என்றால் நல்ல தரமான சாதாரண கீபோர்டே போதும்.

எங்கள் மாணவியின் கணக்கில் இன்னொன்றும் இருந்தது. அப்பா இரவெல்லாம் வலை போட்டுவிட்டு வந்து பகலில் தூங்குபவர். ஒரே அறை வீடு. “டக் டக்னு அடிச்சா அப்பா எப்படி சார் தூங்குவாரு?” என்று அவரே கேட்டார். நாங்கள் செய்த எந்தச் சோதனையிலும் வராத கேள்வி அது. அவர் இரண்டு சாதாரண கீபோர்டு வாங்கினார். ஒன்று வேலைக்கு, மற்றொன்று பையில் கட்டிய மாற்று. விண்ணப்பத்தின் கடைசி நாளில் கீபோர்டு கெட்டால் வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம் அல்லவா? மிச்சப் பணத்தில் முழங்கை உயரத்துக்குச் சரியாக ஒரு மேஜை செய்துகொண்டார். தமிழ்99 பழகிக்கொண்டிருக்கிறார்.

நீங்களும் வாங்கும் முன் இந்த நான்கு சோதனைகளைச் செய்துவிடுங்கள். நான்காவதிலேயே மனம் நிறைந்துவிட்டால் உங்களுக்குத் தேவை ஓசைதான், அதை இலவச புரோகிராமே தந்துவிடும். காதை மூடிய பிறகும் விரல் கிளிக் கீபோர்டையே தேடினால், தயங்காமல் அதை வாங்குங்கள்.